அட்வான்ஸில் ஒரு மாத வாடகையை வெள்ளையடிக்கப் பிடித்துக்கொள்வேன் என்கிறார், விடத்தான் வேண்டுமா?

கேள்வி, 8 ஜூன் 2025

மதுரை புதூர் பக்கம் ஒரு மாடி போர்ஷனில் இரண்டு வருஷமாக இருக்கிறோம். வாடகை 9,000. அட்வான்ஸ் 60,000, பாதி ரொக்கம், பாதி ஜிபே. இந்த மாதம் 30-ஆம் தேதி காலி செய்கிறோம் என்று மே கடைசியிலேயே சொல்லிவிட்டேன். வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைக் கழிப்பாராம் வீட்டுக்காரர். மீதியும் அடுத்த ஆள் குடிவந்து அட்வான்ஸ் கொடுத்த பிறகுதானாம். 'ஊர் வழக்கம் இதுதான், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்' என்கிறார். அதனால்தான் இங்கே கேட்கிறேன். சட்டம் ஏதாவது இருக்கிறதா, இல்லை வாயை மூடிக்கொண்டு 51,000 வந்தால் போதும் என்று இருக்க வேண்டியதுதானா?

8 ஜூன், இரவு

சட்டம் இருக்கிறது. பழைய 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இரு தரப்பின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்த 2017-இல் போட்ட தமிழ்நாட்டுச் சட்டம்தான் இப்போது நடப்பில் இருக்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் அமல். அதன் 11-ஆவது பிரிவு அட்வான்ஸைப் பற்றியது, இரண்டே வரி. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கி ஏதும் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, திருப்பித் தர வேண்டும்.

அடுத்த ஆள் வந்த பிறகு என்கிற பேச்சே அதில் கிடையாது. ஒரு மாதம், அவ்வளவுதான்.

உங்களிடம் 60,000 வாங்கியது மூன்று மாதக் கணக்கைத் தாண்டுகிறதே என்று இப்போது கிளப்பிப் பிரயோஜனம் இல்லை. ஒப்பந்தத்தில் அந்தத் தொகைக்கு நீங்களே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். திரும்ப வாங்குவதில் குறியாக இருங்கள்.

9 ஜூன்

வெள்ளையடிப்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மதுரையில் இதைப்போல் சத்தமில்லாமல் பிடுங்கப்படும் பணம் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

அதே சட்டத்தின் பின்னால் இரண்டாம் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. பராமரிப்பில் எது யார் தலையில் என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள். கட்டடத்தின் முக்கியமான ரிப்பேர், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பக்கம். டேப், டேப் வாஷர், கழிப்பறை, வாஷ் பேசின் ரிப்பேர், சுவிட்ச், பிளக் பாயிண்ட், பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, சாக்கடை அடைப்பு எல்லாம் நம் பக்கம். வெள்ளையடிப்பு முதல் பட்டியலில், பெயர் சொல்லியே இருக்கிறது. குடியிருந்தவர் சுவரை உடைத்தார், கரி பூசினார் என்றால் வேறு கதை. சாதாரணமாகப் புழங்கியதில் சுவர் மங்குவதற்குக் குடியிருந்தவர் பொறுப்பில்லை.

செல்லூரில் நாங்கள் இருந்த வீட்டைச் சொல்கிறேன். சமையலறையை ஒட்டிய சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம். சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரரின் குளியலறை. குழாய் கசிந்துதான் வருகிறது என்று முதல் மழைக்காலத்திலேயே சொன்னோம், பார்க்கலாம் பார்க்கலாம் என்றார். காலி செய்யும் அன்று வந்து, அந்த இடத்தில் விரல் நகத்தை வைத்து ஒரு சுரண்டு சுரண்டினார். டிஸ்டம்பர் அப்பளப் பொருக்கு மாதிரி உரிந்து தரையில் விழுந்தது. 'சுவரை என்ன பாடு படுத்தியிருக்கீங்க பாருங்க' என்று சொல்லி ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டு மீதியை எண்ணினார். மினி லாரி வாசலில் நிற்கிறது, பெரியவர்கள் வண்டியில் ஏறிவிட்டார்கள், அந்த நேரத்தில் யார் சண்டை போடுவது? வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

அப்புறம் ஒரு தபால் அந்த முகவரிக்கே போய்விட்டது என்று வாங்கப் போனேன். புதிதாகக் குடிவந்தவர் உள்ளே கூப்பிட்டார். சுவரில் எங்கள் காலண்டர் தொங்கிய இடத்தில் பளிச்சென்று ஒரு செவ்வகம், அப்படியே இருந்தது. ஓதமும் அப்படியே. ஒரு பிரஷ் கூடச் சுவரில் படவில்லை. நம்மிடம் வெள்ளையடிக்க வாங்கிய பணம் வெள்ளையடிக்கத்தான் போகிறது என்று யாரும் நினைக்காதீர்கள்.

9 ஜூன், மாலை

கேள்வி கேட்டவருக்கு: ஒப்பந்தத்தை எடுத்து, வெள்ளையடிப்பு என்று தனியாக ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். அச்சகத்தில் விற்கும் பழைய மாதிரிப் படிவத்தில் 'காலி செய்யும்போது ஒரு மாத வாடகை வெள்ளையடிப்புக்காக' என்று எழுதியே இருக்கும், யாரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவோம். அந்த வரி இருந்தால் உங்கள் பேச்சு ஒரு படி இறங்கித்தான் ஆரம்பிக்கும். இல்லாவிட்டால் அவருக்கு வாதமே இல்லை.

12 ஜூன்

இங்கே பாதிப் பேர் 'கடைசி மாத வாடகையைக் கொடுக்காதீர்கள், அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்' என்கிறார்கள். நானும் பலருக்கு அப்படிச் சொன்னதுண்டு. கொடுத்து வைத்த பணத்தைக் கெஞ்சி வாங்குவதைவிட, கொடுக்க வேண்டியதை நிறுத்திக்கொள்வது லேசான வேலை. கணக்காகப் பார்த்தால் சரிதான்.

யோசித்துப் பார்த்தால் இதில் இரண்டு சங்கடம் இருக்கிறது. வாடகை கட்டவில்லை என்பது ஒப்பந்தத்தை மீறிய செயல், அதுவரை நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருந்தது, அன்றோடு அதில் ஓட்டை விழுந்துவிடும். அப்புறம், வீட்டுக்காரர் மனசு. ஒன்றாம் தேதி வாடகை வரவில்லை என்றதும் 'இவன் ஏமாற்றுப் பேர்வழி' என்று முடிவுகட்டிவிடுவார். மீதி 51,000-க்கும் நீங்கள் அவர் முகத்தில்தானே முழிக்க வேண்டும்?

வீட்டுக்காரர் ஏற்கெனவே ஊர் முழுக்கக் கடன் வாங்கி வைத்திருக்கிறார், முன்னால் இருந்தவரையும் இழுத்தடித்தார் என்று தெரிந்தால், கழித்துக்கொள்ளுங்கள். அப்போதும் வாயால் சொல்லாமல் வாட்ஸாப்பில் 'ஜூன் மாத வாடகை 9,000-ஐ அட்வான்ஸ் 60,000-இல் கழித்துக்கொள்ளவும், மீதி 51,000' என்று எழுதி, அவர் சரி என்று பதில் போட்ட பிறகு. சரி என்ற அந்த ஒரு வார்த்தை போதும். நல்ல மனிதர் என்றால் வாடகையைத் தேதி தவறாமல் கட்டிவிட்டு, கட்டிய ரசீதையும் அனுப்பிவிட்டுப் பேசுங்கள்.

15 ஜூன்

ஐயர் பங்களாவிலிருந்து ஒரு வீட்டு உரிமையாளர் எழுதியிருக்கிறார். எல்லோரும் ஓனரைத் திருடன் மாதிரியே பேசுகிறீர்கள், வீட்டை நாசமாக்கிவிட்டுப் போகிறவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்று. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்தப் பக்கத்தையும் நான் கிட்டே இருந்து பார்த்திருக்கிறேன்.

என் அக்காவுக்கு அனுப்பானடியில் வீடு. கீழே அவர்கள், மாடி வாடகைக்கு. மாடியில் இருந்தவர்கள் அருமையான குடும்பம், வாடகை ஒரு மாதம் பிந்தியதில்லை. வேலை மாற்றலாகித் திருச்சிக்குப் போகிறோம் என்று வந்து சொன்ன அன்று அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. அட்வான்ஸ் பணம் கையில் இல்லை. மகளைக் கல்லூரியில் சேர்த்தபோதே செலவாகிவிட்டது. அக்கா பொய் பேசுகிறவள் இல்லை, யார் காசுக்கும் ஆசைப்படுகிறவளும் இல்லை. ஆனாலும் முதலில் அவள் வாயில் வந்தது, 'அடுத்து ஒருத்தர் வரட்டும், தந்துடறேன்' என்பதுதான். நான்தான் சத்தம் போட்டேன். வளையலை அடகு வைத்துக் கொடுத்தாள். புதிதாக ஒருவர் வந்ததும் மீட்டுக்கொண்டாள். வட்டி போனது போனதுதான்.

நம் ஊரில் அட்வான்ஸ் தராத வீட்டுக்காரர்களில் ஏமாற்ற நினைக்கிறவர்கள் கொஞ்சம் பேர். பணத்தைச் செலவழித்துவிட்டுச் சொல்ல வெட்கப்பட்டு, வெள்ளையடிப்பு, ஆணி, டேப் என்று காரணம் தேடுகிறவர்கள்தான் ரொம்பப் பேர். இதைப் புரிந்துகொண்டால் நாம் செய்ய வேண்டியதும் மாறும். ஏமாற்றுக்காரரிடம் சட்டம் பேசலாம். கையில் பணம் இல்லாதவரிடம் முதலில் நாள் பேச வேண்டும். நோட்டீஸ் கொடுக்கும் அன்றே 'எந்தத் தேதியில் எவ்வளவு தர முடியும்' என்று கேட்டுவிட்டால் அவருக்கும் புரட்ட அவகாசம் கிடைக்கும். காலி செய்யும் அன்று காலையில் கேட்டால் அவர் என்ன செய்வார், சண்டைதான் போடுவார்.

அதற்காக அந்தப் பணம் அவருடையதாகிவிடாது. வீட்டுக்காரர்கள் படிக்கிறீர்கள் என்றால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: அட்வான்ஸை வங்கியில் தனியாக ஒரு டெபாசிட்டில் போட்டு வையுங்கள், அதன் வட்டியை மட்டும் எடுத்துச் செலவழியுங்கள். அது நீங்கள் காவல் காக்கும் அடுத்தவர் காசு.

16 ஜூன்

திருநகர்க்காரர் ஒருவருக்கு ஆணிக்கு 50 ரூபாய் வீதம் பில் போட்டார்களாம். வீட்டுக்காரர் ஒரு அறை அறையாகப் போய் எண்ணினாராம், இவருடைய சின்னப் பையனும் கூடவே போய் விட்டுப்போனதை எல்லாம் காட்டிக் கொடுத்தானாம். சிரித்துவிட்டேன். ஆணி அடிப்பது சாதாரணப் புழக்கம் என்று நான் சொல்வேன். டைல்ஸில் துளை போட்டு விரிசல் விட்டிருந்தால் அது சேதம், அதைக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொருவர் 'இரண்டு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கினால் சட்டவிரோதம்' என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். அது மத்திய அரசு 2021-இல் மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரிச் சட்டத்தில் குடியிருப்புகளுக்கு உள்ள கணக்கு. மாநிலம் ஏற்றுச் சட்டமாக்கினால்தான் அது செல்லும். நமக்கு நம் மாநிலச் சட்டம், மூன்று மாதம். வீட்டுக்காரர் முன்னால் போய் இரண்டு மாதம் என்று சொல்லிவிட்டு அவர் வக்கீலைக் கேட்டுவிட்டு வந்தால், நீங்கள் சொல்லும் மற்ற உண்மைகளும் மரியாதை இழந்துவிடும்.

பழைய 1960 சட்டத்தில் ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கவே கூடாது என்று இருந்தது. அந்தச் சட்டம் உயிரோடு இருந்த காலம் பூராவும் ஊரில் பத்து மாத அட்வான்ஸ் வாங்கினார்கள், நாமும் கொடுத்தோம். எழுதி வைத்தால் மட்டும் போதாது, யாராவது கேட்க வேண்டும்.

21 ஜூன்

கரண்ட் பில். கேள்வி கேட்டவர் இதை மறந்துவிடக்கூடாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். நீங்கள் நடுவில் காலி செய்தால், பில் வரும்போது நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். 'பில் வரட்டும், அப்புறம் கணக்குப் பார்ப்போம்' என்று இன்னும் ஒரு மாதம் இழுக்க அவருக்கு ஒரு சாக்கு.

காலி செய்யும் அன்று மீட்டரை தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். போன பில்லில் உள்ள ரீடிங்கைக் கழித்தால் உங்கள் யூனிட் வந்துவிடும். அந்த யூனிட்டுக்கு மட்டும் சிலாப்படி போட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். முழு பில் வரும் வரை காத்திருக்கச் சம்மதிக்காதீர்கள். அதே சுற்றில் புதிய குடும்பம் வந்து ஏசி ஓட்டினால், இரண்டு பேர் யூனிட்டும் சேர்ந்து மேல் சிலாப்புக்குப் போய்விடும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணக் கணக்கே வேறு. அந்தச் சுமையில் நீங்கள் பங்கு எடுக்க வேண்டியதில்லை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இருக்கிறதே, அதை யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பதில் நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன், நாள் கணக்கில் பிரித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

சொத்து வரி பாக்கி, குடிநீர் வரி பாக்கி என்றும் சிலர் எழுதுவார்கள். சொத்து வரி வீட்டுக்காரருடையது. தண்ணீருக்கு ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அது.

29 ஜூன்

நாளை கேள்வி கேட்ட புதூர் நண்பர் காலி செய்கிறார். சாவி பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பணம் வரும் வரை சாவியைக் கொடுக்கக்கூடாது என்பது ஊரில் எல்லோரும் சொல்கிற யோசனை. ஆனால் சாவி உங்களிடம் இருந்தால் வீடும் உங்களிடம்தான் இருக்கிறது. ஜூலை வாடகையையும் வீட்டுக்காரர் கணக்கில் எழுதிக் கழிக்கலாம். ஒரு மாதத்துக்குள் திருப்ப வேண்டும் என்கிற கெடுவும் நீங்கள் காலி செய்த நாளிலிருந்துதான் ஓடும். சாவியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கடிகாரத்தை நீங்களே நிறுத்தி வைப்பானேன்?

நான் செய்யச் சொல்வது இது. சாமான் ஏற்றுவதற்கு முந்தின நாள், வீடு காலியாகத் தெரிகிற அளவுக்கு மூட்டை கட்டியதும், வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அறை அறையாகக் காட்டுங்கள். ஒவ்வொரு சுவர், ஒவ்வொரு டேப், கழிப்பறை, மோட்டார் சுவிட்ச் எல்லாம் வீடியோ. குறை இருந்தால் அங்கேயே பேசி முடியுங்கள், லாரி வந்த பிறகு பேசாதீர்கள். பிறகு ஒரு வெள்ளைத்தாளில்: இன்ன தேதியில் வீட்டை ஒப்படைத்தேன், சாவி இத்தனை, அட்வான்ஸ் இவ்வளவு, கழிவு இன்னின்னது, இன்று பெற்றது இவ்வளவு, மீதி இன்ன தேதிக்குள். இரண்டு பேரும் கையெழுத்து, இரண்டு பிரதி. ரொக்கம் வாங்கினால் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போடுங்கள், 5,000-க்கு மேல் போனால் அது வேண்டும். வங்கி வழியாக வந்தால் இன்னும் நல்லது. கையெழுத்துப் போட மறுக்கிறாரா, சாவியை வாங்குவதையாவது போட்டோவில் பதிவு செய்து, அன்றே வாட்ஸாப்பில் இதே விவரத்தை எழுதி அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. ஜூலை 17 ஆடி பிறக்கிறது. ஆடியில் நம் ஆட்கள் வீடு மாற மாட்டார்கள். 'அடுத்த ஆள் வரட்டும்' என்றால் உண்மையில் ஆவணி வரட்டும் என்று அர்த்தம். வீட்டுக்காரருக்கே அது தெரியும். ஆனி முடிவதற்குள் முடிந்த அளவு வாங்கிவிடப் பாருங்கள்.

6 ஜூலை

புதூர் நண்பர் எழுதிவிட்டார், பார்த்திருப்பீர்கள். சாவி கொடுத்த அன்று 40,000 வங்கியில் வந்துவிட்டது. மீதிக்கு ஜூலை 15 என்று தாளில் எழுதிக் கையெழுத்து. வெள்ளையடிப்பை வீட்டுக்காரர் விட்டுக்கொடுத்துவிட்டார். சட்டத்தைக் காட்டி விட வைக்கவில்லை. குடிவந்த அன்று இவர் மனைவி வீடு முழுக்க எடுத்த வீடியோ போனில் இருந்திருக்கிறது, அதில் சுவர் அன்றைக்கே மங்கல்தான். அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லையாம்.

கழித்தது 2,000. கரண்டுக்கு 1,150, இரண்டு டேப்பும் ஃப்ளஷ் டேங்கும் சேர்த்து 850. சிலர் அந்த 850-ஐ ஏன் விட்டீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அது கொடுக்க வேண்டியதுதான். அவர் போட்டிருக்கும் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: டேப்பின் வாயைச் சுற்றி உப்பு வெள்ளையாகக் கட்டிப் பூத்து, பிடி திரும்பாமல் இறுகியிருக்கிறது. புதூர் போர் தண்ணீர் அப்படி. யார் தப்பும் இல்லை, ஆனால் டேப்பும் வாஷரும் அட்டவணையில் நம் பக்கம். அட்டவணைப்படி வெள்ளையடிப்பு நம் பொறுப்பில்லை என்று இங்கே பேசிவிட்டு, அதே அட்டவணை சொல்லும் டேப்புக்குக் காசு தரமாட்டேன் என்றால் நியாயமாக இருக்காது. பிளம்பர் பில்லைக் கேட்டு வாங்கினாரே, அது சரியான வேலை.

7 ஜூலை

வில்லாபுரத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கும் ஒத்தி விஷயம் இதைவிடப் பெரிது. படித்ததிலிருந்து மனசு சரியில்லை. 5 லட்சம் ஒத்தி, மூன்று வருஷம், வாடகை கிடையாது. காலம் முடிந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. வீட்டுக்காரர் 'நீங்களே ஒத்திக்கு ஆள் பிடித்துக் கொடுங்கள், அவர் தரும் பணத்தை உங்களுக்குத் தருகிறேன்' என்கிறாராம். கையில் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிய ஒப்பந்தம் மட்டும்.

அம்மா, பணம் கைக்கு வராமல் வீட்டை விட்டு இறங்காதீர்கள். மேலே சாவியைக் கொடுத்துவிடுங்கள் என்று சொன்னது மாத வாடகை வீட்டுக்கு. ஒத்தியில் வீடுதான் உங்கள் பணத்துக்கு ஈடு. வாடகை ஏறிக்கொண்டே போகும் என்ற பயமும் இல்லை. 'பணம் ரெடியாகிவிட்டது, நீங்கள் முதலில் காலி செய்யுங்கள், புது ஆள் வீட்டைப் பார்க்க வேண்டும்' என்று சொல்வார்கள். வீட்டைப் பார்ப்பதற்கு நீங்கள் காலி செய்ய வேண்டியதில்லை. புது ஆளின் பணம் உங்கள் கணக்கில் ஏறும் அன்றைக்கே சாமானை ஏற்றுங்கள்.

இது எல்லோருக்கும்: ஒத்தி என்பது சட்டத்தின் கண்ணில் அடமானம். சொத்து மாற்றுச் சட்டம் 1882-இன் 59-ஆவது பிரிவுப்படி 100 ரூபாயோ அதற்கு மேலோ கடனுக்கு ஈடாக வைக்கும் அடமானத்தை, பத்திரத்தை ஒப்படைத்து வைக்கும் வகை தவிர, பதிவு செய்த ஆவணத்தில்தான் எழுத வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிக் கையெழுத்தும் வேண்டும். 100 ரூபாய்க்கே அப்படி என்றால் 5 லட்சத்துக்கு? பதிவு செய்தால் முத்திரைத் தீர்வையும் கட்டணமும் ஆகிறது என்று இரண்டு தரப்பும் சேர்ந்தே தவிர்க்கிறோம். பதிவு செய்த சுவாதீன அடமானம் என்றால், பணம் திரும்பும் வரை வீட்டைக் கையில் வைத்துக்கொள்ள உங்களுக்குச் சட்டப்படியே உரிமை. சொத்தின் மேல் பதிவானதைக் காட்டும் வில்லங்கச் சான்றிலும் ஏறிவிடும், உங்களுக்குத் தெரியாமல் வீட்டை விற்கப் பார்த்தால் வாங்க வருகிறவரும் அதைப் பார்ப்பார்.

ஒத்திக்குப் போகும் முன் நீங்கள் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பதும் அதே காரணத்துக்குத்தான். வங்கிக் கடனில் இருக்கும் வீட்டை ஒத்திக்கு விட்டவர்கள் உண்டு. கடன் கட்டாமல் வங்கி வந்து வீட்டை எடுக்கும்போது, ஸ்டாம்ப் பேப்பரோடு நிற்பவர் சொல்வது எடுபடாது. வில்லங்கத்தில் எல்லாக் கடனும் தெரிந்துவிடும் என்று நம்பியும் இருக்க வேண்டாம். மூலப் பத்திரத்தைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் அசல் எங்கே என்று கேளுங்கள்.

7 ஜூலை, இரவு

ஒத்தியே வேண்டாம் என்று ஒருவர் சொல்கிறார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மாதச் சம்பளம் இல்லாத எத்தனையோ குடும்பம் சீட்டுப் பணத்தையோ ஊரில் நிலம் விற்ற பணத்தையோ ஒத்தியில் போட்டுவிட்டு, வாடகைப் பயம் இல்லாமல் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறது. மகளுக்குக் கல்யாணம் என்றால் அந்தப் பணம்தான் திரும்பி வர வேண்டும். அதனால்தான் பதிவு செய்யுங்கள் என்று இவ்வளவு சொல்கிறேன்.

20 ஜூலை

புதூர் நண்பருக்கு மீதி 18,000-மும் வந்துவிட்டதாம். நல்லது.

பேச்சுக்கு மசியாத வீட்டுக்காரரை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு. போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடாதீர்கள். சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், மிஞ்சிப் போனால் கூப்பிட்டுப் பேசுவார்கள். முதலில் பதிவுடன் கூடிய ஸ்பீடு போஸ்டில் ஒரு நோட்டீஸ். காலி செய்த தேதி, தர வேண்டிய தொகை, 11-ஆவது பிரிவு, பதினைந்து நாள் கெடு. வக்கீல் லெட்டர்ஹெட்டில் போனால் கனம் அதிகம், நீங்களே எழுதினாலும் செல்லும். அது போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். வழக்குப் போடுவதற்கு முன்பே மனுவாகக் கொடுத்தால் எதிர்த்தரப்பைக் கூப்பிட்டுப் பேச வைப்பார்கள், அதற்குக் கோர்ட் ஃபீஸ் கிடையாது. சமரசமானால் லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) உத்தரவாகப் போட்டுவிடலாம். அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உதவி உண்டு. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு வருஷக்கணக்கில் வழக்கு நடத்துவதைவிட இந்த வழி ஆயிரம் மடங்கு மேல்.

ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது பற்றியும் சொல்லிவிடுகிறேன். '11 மாத ஒப்பந்தம்தானே, பதிவு வேண்டாம்' என்பது பழைய பதிவுச் சட்டத்துக் கணக்கு. ஒரு வருஷத்தைத் தாண்டும் குத்தகைக்கு அங்கே கட்டாயம். 2017 சட்டப்படி எத்தனை மாதமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அதைப் பார்க்கிறார். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பதிவு இல்லாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்கச் சொல்லிப் போராடுவது பெரிய பாடு. ஜிபே ரசீது, வாட்ஸாப் பேச்சு எல்லாவற்றையும் அதனால்தான் அழிக்காமல் வைக்கச் சொல்கிறேன். அட்வான்ஸ் கொடுக்கும்போது ரொக்கமாகக் கேட்டாலும் வங்கி வழியாகவே அனுப்புங்கள். குறிப்பு இடத்தில் 'வீட்டு அட்வான்ஸ்' என்று போடுங்கள்.

3 ஆகஸ்ட்

வில்லாபுரம் அம்மா சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்துவிட்டார். முதல் தடவை வீட்டுக்காரர் வரவில்லை, இரண்டாவது அழைப்புக்கு வந்து ஆவணி, ஐப்பசி என்று இரண்டு தவணையில் தருகிறேன் என்றிருக்கிறார். அதுவரை வீட்டில் இருக்கலாம் என்பதையும் எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன். கூடவே முதல் தவணை வாங்கிய பிறகும் காலி செய்ய வேண்டாம், முழுப் பணமும் வந்த அன்றுதான் என்று அந்தத் தாளில் தெளிவாக இருக்க வேண்டும். பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு 'பாதி வீட்டைக் காலி பண்ணுங்கள், ஒரு ரூமைப் பூட்டிக்கொள்கிறேன்' என்று கேட்பது இந்த ஊரில் நடக்கிற விஷயம்.

கரண்டைக் கட் பண்ணிவிடுவேன் என்று மிரட்டினாராம். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்தக்கூடாது என்று அதே 2017 சட்டத்தில் 20-ஆவது பிரிவு இருக்கிறது, மாத வாடகைக்காரர்களும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் ஒத்திப் பத்திரத்துக்கு அந்தப் பிரிவு நேராகப் பொருந்துமா என்பதை அங்கே கொடுத்திருக்கும் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளட்டும். அடுத்த வாய்தாவில் மிரட்டியதை மனுவிலேயே சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

கடை அட்வான்ஸ் பற்றிக் கேட்ட கீழமாசி வீதிக்காரருக்கு: பகடிப் பணம், அதாவது கடையைக் கைக்கு விட வாடகை, அட்வான்ஸ் போக வாங்கும் தொகை, கலந்திருப்பதால் அது வேறு கணக்கு. ஒப்பந்தத்தின் நகலைப் பெயர், கதவு எண்களை மறைத்துவிட்டுப் போடுங்கள். பார்த்துவிட்டுத் தனியாக எழுதுகிறேன்.